என் பெயர் இல்லாத புகார்

பிள்ளைகளே, வீட்டில் டிவி நின்றுபோனால் நீங்கள் இருவரும் ஒரே குரலில் "அப்பா, டிவி தெரியல" என்று கத்துவீர்கள். நான் உடனே "என்ன பண்றப்போ நின்னுச்சு? கடைசியா என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பேன். "ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரிப்பீர்கள். அந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்த மேடத்தின் கேள்விகள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளத் தாளில் அவர் அடித்தெடுத்த ஒரு பக்கம் இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. என் வேலையையும் மானத்தையும் மீட்டுத் தந்த பக்கம் அது. ஆனால் அதில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நான் அப்போது கட்டிங் பிரிவில் இருந்தேன். பெரியவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான்; சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஸ்டோரில் தோலை அளந்து, இத்தனை சதுர அடி என்று எங்கள் பேரில் எழுதிக் கொடுப்பார்கள்; ஒரு தடவை மொத்தமாகக் கொடுக்கும் தோலை ஒரு லாட் என்போம். அதிலிருந்து ஷூவுக்கான துண்டுகளை வெட்டித் தர வேண்டும். உண்ணி கடித்த தழும்போ முள் கிழித்த கோடோ உள்ள தோலை வெட்டாமல் ஸ்டோருக்கே திருப்பிவிடலாம்; அந்த அடி எங்கள் கணக்கில் கழியும். மற்றவர்கள் கெட்ட தோலையெல்லாம் மேசைக்கடியில் போட்டுவைத்து, வேலை முடிந்ததும் மொத்தமாகத் திருப்புவார்கள். எனக்குக் காலடியில் தோல் கிடந்தால் கை ஓடாது. காலையில் சேர்ந்ததைச் சாப்பாட்டுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுப்பேன். பிற்பகலில் சேர்ந்ததைப் போகும்போது கொடுப்பேன். மேஸ்திரிகூட என்னைச் சுத்தக்காரன் என்பார். அந்தச் சுத்தம்தான் என்னைத் திருடன் ஆக்கப் பார்த்தது.

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மெட்ராஸில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் எங்களுக்காகவே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தது. இனி கம்ப்யூட்டர் சொல்வதே கணக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். திருப்பிய தோலுக்கு ஸ்டோரில் எழுதும் சீட்டை மேடம் டைப் செய்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். திருப்பிய தோல்களும் ஒரே குவியலில் கலந்துபோகும். பிறகு யாருடையது எது என்று பிரிக்க வழி கிடையாது. முதல் மாதக் கணக்கு வந்தபோது எல்லோருக்கும் சரியாக இருந்தது, எனக்கு மட்டும் தோல் குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை சார் என்றேன். உங்கள் தலைமேல் சத்தியம் என்றேன், பிள்ளைகளே. உங்களைக் கேட்காமல் உங்கள் தலையை அந்த மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "கம்ப்யூட்டர் இன்னா உனக்குப் பங்காளியா, உன் மேல பொய் சொல்றதுக்கு?" என்று கேட்டார். மாதம் முடிவதற்குள் கணக்குக் காட்டு, இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே என்றார். தோல் திருடினான் என்று ஒரு கம்பெனியில் பேர் வாங்கியவனை வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டிலும் விடமாட்டார்கள். எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பக்கத்து மேசை பாய் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "இன்னா நைனா, தோலை வயித்துல சுத்திக்கினு போறியாமே? எனக்கும் ஒரு ஜோடி தெச்சுக் குடேன்" என்றார். அவரோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

மேடம் வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். என்னைவிட வயதில் சின்னவர், அதிகம் பேசமாட்டார். அவர் மேனேஜரிடம் புரோகிராமில் தப்பு இருக்கலாம் என்று சொல்ல, மேனேஜர் வேண்டாவெறுப்பாக மெட்ராஸுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னார். "லெதர் கணக்கு தப்பு வருகிறது. மிக அவசரம். உடனே சரி செய்யவும்." அவ்வளவுதான். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. மேனேஜர் அந்தப் பதிலை என் முன்னால் ஆட்டிக் காட்டினார். எனக்கு உலகம் முடிந்துவிட்டது போல இருந்தது. மேடம் மட்டும், "அவங்க சொல்றது சரிதான் சார். தப்புன்னு சொன்னமே தவிர, எங்க, எப்பன்னு நாம சொல்லவே இல்லையே" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலப் போனேன். நான் எத்தனை வருஷமாக நேர்மையாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் அப்புறம்ணா. நேத்து காலைல வந்ததும் இன்னா பண்ணீங்க? அப்புறம் இன்னா? ஒண்ணையும் விடாம சொல்லுங்க." சொன்னேன். தோல் வாங்கியது, வெட்டியது, திருப்பியது, சாப்பிட்டது, மறுபடி வெட்டியது, மறுபடி திருப்பியது. "மறுபடியா? ஒரே லாட்டா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் காலை நான் திருப்பிய தோலைக் கணக்கில் ஏற்றி, திரையை எனக்குக் காட்டினார். என் பேருக்கு நேரே இருந்தது. மாலையில் அதே லாட்டில் நான் திருப்பிய இன்னொரு தோலை ஏற்றினார். காலையில் இருந்தது போய், மாலையில் ஏற்றியது மட்டும் நின்றது. நான் "ஆண்டவரே" என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. "இருங்க, உங்க பேருக்கு மட்டும்தானான்னு பாக்கணும்" என்றார். மறுநாள் பாயிடம் கேட்டுக்கொண்டு, அவரை இரண்டு தடவை தோல் திருப்பச் சொன்னார். பாய் கணக்கிலும் காலைத் தோல் காணாமல் போனது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "அட பேஜாரே, இப்ப நானும் திருடனா?" என்றார். மேடம் சிரித்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கத்தை அடித்தார். எந்தத் திரை, முதலில் எதை ஏற்ற வேண்டும், பிறகு எதை, இரண்டும் சேர்ந்து எவ்வளவு வந்திருக்க வேண்டும், வந்தது எவ்வளவு. வேறு வேறு லாட்டாக இருந்தால் இந்தத் தப்பு வருவதில்லை என்று ஒரு வரி. கரண்ட் போய்ப் போய் வருவதால் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதி, யோசித்து, அதை எடுத்துவிட்டார். "இது நான் பாத்தது இல்ல, நெனைச்சது" என்றார். நான் தாளை மேலிருந்து கீழே தடவித் தடவிப் படித்தேன். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. "நான் எடுக்கலன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா மேடம்? நீங்களும் நம்பலையா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "நான் நம்புறேன்ணா. ஆனா மெட்ராஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. நீங்க நல்லவருன்னு எழுதுனா அவரு அதை வெச்சு எதைச் சரி பண்ணுவாரு? நாம செஞ்சதையே அவரும் அங்க செய்யணும். அவரு கண்ணு முன்னாடி அது காணாம போவணும்."

ஃபேக்ஸ் போனது. மறுநாள் மேனேஜர் அறையில் போன் அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஓர் இளம் குரல். "இதை எழுதினது யாருங்க? நீங்க எழுதின மாதிரியே ஒண்ணொண்ணா செஞ்சு பார்த்தேன் மேடம். இங்கயும் காலைல போட்டது போயிடுச்சு. தப்பு எங்களோடதுதான். புரோகிராமை மாத்தி ஃப்ளாப்பில அனுப்புறேன்." அந்த மனிதர் ஆம்பூரைப் பார்த்திருக்கமாட்டார், பதப்படுத்திய தோலின் வாடைகூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் நான் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்த தோல் அவருடைய மேசையில், அவருடைய கையிலிருந்து காணாமல் போயிருக்கிறது. நான் அழுது, சத்தியம் செய்து, எதிரில் இருந்த மேனேஜரையே நம்பவைக்க முடியவில்லை. ஒரு பக்கத் தாள், முகம் தெரியாத ஒருவரை என் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. எழுத்துக்கு இவ்வளவு பலம் உண்டா என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மேனேஜர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார். மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயோ, போங்கண்ணா" என்று எழுந்தே விட்டார். அடுத்த வருஷம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

சில வருஷம் கழித்து நானே கட்டிங் மேஸ்திரி ஆனேன். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் மேசையிலிருந்து வந்த துண்டுகளெல்லாம் ஒரு பக்கம் சரியாக அறுபடாமல் பிசிறோடு வந்தன. நல்ல தோல் அத்தனையும் வீண். ரிப்போர்ட் தாளில் 'யாரால்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவைத் திறந்து அவருடைய பேரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அதற்குமேல் கை போகவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் அவருடைய மெஷினுக்குப் போனேன். கழிவுத் தோல் ஒன்றை எடுத்து விரித்து, வெட்டுகிற இரும்பு அச்சை மெஷின் பலகையின் வலது ஓரத்தில், அவர் வைக்கிற அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். எனக்கும் அறுபடவில்லை. நடுவுக்கு நகர்த்தி வைத்து அழுத்தினேன். சுத்தமாக அறுபட்டது. மறுபடியும் ஓரத்தில், மறுபடியும் நடுவில் வைத்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, அந்த முதல் எழுத்தை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: பலகையின் வலது ஓரத்தில் அச்சு வைத்தால் தோல் அறுபடுவதில்லை, நடுவில் வைத்தால் அறுபடுகிறது, நானே செய்து பார்த்தேன்.