கூரைப் பனியில் ஒரு குதிக்கால்

ஊரில் பத்திரிகையில் இருந்த காலத்தில், பேய் கண்டேன் என்று வந்தவர்களைக் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பியிருக்கிறேன். எந்தப் பக்கம் நின்றது, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, கூட யார் இருந்தார்கள். மூன்றாவது கேள்வியில் பேய் கலைந்துவிடும். இப்போது அதையெல்லாம் என்னிடம் கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள்.

போன குளிர்காலம், நான் குடிவந்த இந்தப் பனிநாட்டில், சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. துருவப் பனியில் பழங்காலத்துக் குளிரும் சூடும் பதிந்திருப்பதாகப் படிக்கிறார்கள் அல்லவா, அந்தப் பதிவு பனி விழுந்த பிறகும் மாறுகிறது, காற்று தேய்க்கிறது, மேற்பனி ஆவியாகிறது, ஆவி திரும்பப் படிகிறது. எவ்வளவு மாறுகிறது என்று அறிய, கட்டடத்தின் தட்டைக் கூரையில் ஒரு சதுரத்தை யாரும் மிதிக்காமல் வேலியிட்டு வைத்திருந்தோம். கூரைக் கதவின் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று என்னிடம், மற்றது ஆய்வை நடத்திய யசோவிடம். யாழ்ப்பாணத்துப் பெண், வயதில் என்னைவிட மிக இளையவர், என் மேலதிகாரி.

முதல்நாள் பெய்த புதுப்பனியை இரவு முழுக்கக் காற்று அடித்திருந்தது. காலையில் கதவைத் திறந்தால் வேலிக்குள் காலடிகள், மேடு மேடாக. நம்பினால் நம்புங்கள், மேடாக நின்றதில் மாயம் எதுவும் இல்லை. மிதித்த இடம் இறுகும், சுற்றியுள்ள உதிரிப்பனியைக் காற்று அள்ளிப்போகும், அடி மட்டும் திட்டாக நிற்கும். துருவத்திலும் அப்படித்தான். ஆனால் இவை வெறுங்கால் அடிகள். சதுரத்தின் நடுவில் தொடங்கி, வேலியைத் தொடாமல் நடுவிலேயே முடிந்தன.

"அண்ணை, உள்ளுக்கை இறங்கினனீங்களோ?" என்றார் யசோ.

"இல்லை."

"வேறை ஆர்? தவறி மிதிச்சிட்டன் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. அந்தத் துண்டை விட்டிட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம். காரணம் இல்லையெண்டா முழு விண்டரும் குப்பை. உங்கட ஒப்பந்தத்தையும் இந்தக் கிழமை நான்தான் புதுப்பிக்க வேணும், தெரியும்தானே."

"செய்யாததை எழுதமாட்டன்."

"அப்ப பேயோ? பேப்பர்காரருக்குப் பேட்டி குடுக்க வந்ததாக்கும்."

உருப்பெருக்கியை அவர் கையில் வைத்தேன். "பனிக் குறுணியைப் பாருங்கோ." சுற்றிலும் கூர்கூரான புதுப்பனி. அடிகளில் இருந்ததோ மணிமணியாகத் திரண்ட பழம்பனி. ஓர் இரவில் அப்படித் திரளாது, அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அப்ப ஆரின்ர கால் அண்ணை இது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, வேலிக்கு வெளியே வலதுகாலை அழுத்தி எடுத்தேன். "அளவுகோலை வையுங்கோ!"

இரண்டு தடத்துக்கும் நீளம் ஒன்றே. அகலமும் ஒன்றே. என் தடத்தில் குதிப்பக்கம் ஒரு கோடு சாய்வாகப் போனது, சின்ன வயதில் சிப்பி வெட்டிய வடு. தன் உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள், எனக்கே அது மறந்துபோயிருந்தது. வேலிக்குள் நின்ற அடியிலும் அதே கோடு.

"இப்பவாவது எழுதுங்கோவன்," என்றார், குரலை இறக்கி.

"என்ர கால்தான். நான் மிதிக்கேல்லை."

பின்னேரம், பனி மாதிரிகளை அளக்கும் ஆய்வுகூட இயந்திரமும் அதையே சொன்னது. அடிகளில் இருந்த பனி பல வாரம் வெயிலிலும் காற்றிலும் கிடந்தது. சுற்றியிருந்தது முதல்நாள் பெய்தது.

யசோ அந்தக் குளிர்காலத்து அளவுகள் அனைத்தையும் நீக்கினார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறேன். ஒரு வரிதானே, எழுதியிருக்கலாமே என்று மனைவி இன்னும் கேட்கிறாள். மாட்டேன். யார் கேட்டாலும் மாட்டேன்.

யசோவுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. அளவுகோலுக்காகக் குனிந்தபோது பார்த்தேன். வேலிக்குள் நின்ற அடியில் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு இருந்தது, இருபுறமும் தையல் போட்ட புள்ளிகளோடு.

என் குதிக்காலில், இன்று காலைவரை, ஒரு கோடுதான்.