காலரில் ஓர் ஊசி

பின் இருக்கையில் ஏறியதும் அந்த மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிடுகிறார். உள்ளங்கால்களைக் காரின் தரையில் பதித்து, வலது கையை முழங்கால்மேல் முஷ்டியாக வைத்து, கண்களை மூடிக்கொள்கிறார். "கெளப்பு. பேசாம ஓட்டு. பாட்டு வேணாம்." வண்டி வேகமெடுக்க, முஷ்டியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. கியருக்கு ஒரு விரல். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளில், ஓட்டுபவருக்கே தெரியாத அந்தச் சின்ன அதிர்வு இவருக்குப் பாதத்தில் தெரிகிறது. விரல் நிமிர வேண்டிய நேரத்தில் நிமிராவிட்டால், கண்ணைத் திறக்காமலே, "திருப்பு, எனக்கு வேலை வந்துடுச்சு" என்பார்.

தெருவில் அவருக்குப் பெயர் 'கண்மூடி'. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளில் மின்கோளாறு மட்டும்தான் அவர் தொழில். பல்சக்கரம் தேய்ந்தது, எண்ணெய் ஒழுகுகிறது என்று யாராவது வந்தால் அடுத்த பட்டறைக்குக் கைகாட்டிவிடுவார். "எலும்பு முறிஞ்சா அங்க போ. நான் நரம்புக்காரன்."

அவருடைய பட்டறை என் அக்கா வீட்டு மாடிக்கு எதிரே இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றி, வழியில் பழுதாகி நின்ற பேருந்துகளின் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள் நான். பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்பேனரில் தொடங்குவார்கள். இவர் கேள்வியில் தொடங்குகிறார். மழையிலா, வெயிலிலா? மேடு ஏறும்போதா? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்டேன். "மாமியார் பக்கத்துல இருந்தா எல்லா சத்தமும் பெருசாத்தான் கேக்கும்."

சட்டைக் காலரில் எப்போதும் ஒரு தடித்த ஊசி இருக்கும். சோதனை விளக்கின் கிளிப்பை அதில் மாட்டி, ஒயரின் தோலைக் குத்தினால், உள்ளே மின்சாரம் ஓடுகிறதா என்று விளக்கு சொல்லிவிடும். குத்திய இடத்தில் ஈரம் இறங்காமலிருக்க ரோஜா நிற நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பார். ஊசி, நகப்பூச்சு இரண்டுமே மனைவியுடையவை. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா துணி தைக்கிறார். "ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா, ரெண்டு பேருக்கும் தையல் தொழில்தானேம்பாரு" என்று மிஷினை நிறுத்தாமலே என்னிடம் புகார் சொன்னார்.

இந்த மழைக்காலத்தில் டாக்ஸி ஓட்டும் ஒரு பெண் வந்தார். சிறு வயதில் நடந்த விபத்தில் அவருடைய இடது கால் மடங்காமல் போய்விட்டது. மழை பெய்தால் அவர் வண்டி மூன்றாம் கியரில் மாட்டிக்கொள்கிறது. நின்ற இடத்திலிருந்து நனைந்த எருமைபோலக் கிளம்புகிறது. கம்பெனி சர்வீஸில் கியர்பெட்டியையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த விலைக்கு வேறு வண்டியே வாங்கலாம்.

"எல்லாரும் இத வித்துட்டு கிளட்ச் வண்டி வாங்குன்றாங்கண்ணே. வண்டி கெடைக்கும். மிதிக்கிற காலை எங்க வாங்கறது?"

கண்மூடி செருப்பைக் கழற்றினார். நான் முன் இருக்கையில் தொற்றிக்கொண்டேன். அன்று வெயில், விரல்கள் ஒழுங்காக நிமிர்ந்தன. திரும்பி வந்து, குழாயைத் திறந்து வண்டியின் அடிவயிற்றை நன்றாக நனைத்தார். மறுபடி கிளம்பினோம். தெருமுனை தாண்டியதும் வண்டி ஓர் உதறு உதறியது. அதன்பின் ஒரு விரலும் அசையவில்லை.

பட்டறையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லா ஒயரும் நலம் என்றது மீட்டர். "சும்மா நிக்கறவனைக் கேட்டா பலசாலின்னுதான் சொல்லுவான். மூட்டையத் தூக்கச் சொல்லிப் பாக்கணும்." மூட்டை என்பது பழைய ஹெட்லைட் பல்பு. கியர்பெட்டிக்குப் போகும் ஒயர்களை இரு முனையிலும் கழற்றி, ஒவ்வொன்றின் வழியாகவும் பாட்டரியிலிருந்து பல்புக்கு மின்சாரம் விட்டார். பளிச், பளிச் என்று எரிந்துகொண்டே வந்த பல்பு, ஓர் ஒயரில் மட்டும் சிவந்து முனகியது.

அந்த ஒயரை விரலால் வருடிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். தோலைக் கீறினார். உள்ளே பச்சைப் பொடி. தாமிர இழைகளை ஈரம் தின்று, முடிபோல ஏதோ மிச்சமிருந்தது. வெளியே, கீறலுக்குப் பக்கத்தில், எறும்பு கடித்த அளவுக்கு ஒரு துளை. துளையின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு பொருக்கு.

கை தானாகக் காலருக்குப் போனது.

கியர் லீவர் அசையவில்லை என்று போன வருடம் இதே வண்டி இங்கே வந்திருந்தது. இப்போது டாக்ஸிக்காரப் பெண் வாசல் ஸ்டூலில் செல்போனில் யாரிடமோ, "என்ன கோளாறுன்னு இன்னும் சொல்லல, சொல்லுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட துண்டை வெட்டியெடுத்து, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, உறை மாட்டிச் சூடுகாட்டி இறுக்கினார் கண்மூடி. வெட்டிய துண்டு குப்பைக்குப் போயிருக்கலாம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"தங்கச்சி, கியர்பெட்டி நல்லா இருக்கு. இந்த ஒயர்தான். இந்த ஓட்டை நான் போட்டது."

அவர் துண்டைப் பார்த்தார், கண்மூடியைப் பார்த்தார்.

"ஒயரைக் குத்தாம, கனெக்டருக்குப் பின்பக்கமா ஊசியச் சொருகிப் பாத்திருக்கணும். நேரம் ஆகும்னு குத்திட்டேன். மேல வெச்ச பூச்சு சூட்டுல வெடிச்சிருக்கு."

"அப்போ கம்பெனிக்காரங்க?"

"அவங்க பாத்தன்னிக்கு வெயிலா இருந்திருக்கும். தப்பு என்னோடது."

"வானம் கறுத்தாலே வண்டிய ஓரங்கட்டிடுறேண்ணே. விக்கறதுக்கு ஆள்கூட வந்து பாத்துட்டுப் போயிட்டான்." கொஞ்சநேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "கலரு மட்டும் நல்லாத்தான் இருக்கு."

"அது என்னோடது!" என்றது தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் குரல். "நான் குத்தினா துணி சேரும். இவரு குத்தினா பொழப்பு கிழியும்."

கண்மூடி தலையைக் குனிந்துகொண்டு குழாயைத் திறந்தார். வண்டி சொட்டச் சொட்டக் கிளம்பியது. டாக்ஸிக்காரரின் பார்வை கண்ணாடி வழியே பின்சீட்டு முஷ்டிக்குப் போய்ப் போய் வந்தது.

"ரோட்டப் பாரு."

"பாக்குறேண்ணே. நீங்க வெரலத் தூக்குங்க."

மூன்றாம் விரல். தெருமுனை. நான்காம் விரல். கட்டைவிரலும் விலகி, கை முழுதாக விரிந்தது. டாக்ஸிக்காரர் முதுகை இருக்கையில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். பட்டறை வாசலில் இறக்கிவிடும்போது மட்டும் சொன்னார்: "இனிமே என் வண்டிக்கு ஊசி போடாதீங்கண்ணே. அதுக்குக் காய்ச்சல் இல்ல."

வண்டி போனதும் கண்மூடி தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலரிலிருந்து ஊசியை உருவி, சட்டை நுனியில் துடைத்து, மனைவியின் ஊசிமெத்தையில் குத்தினார், தலை மட்டும் தெரியும்படி ஆழமாக.