நாகவேணி அணைக்க விடாத பெட்டி

கர்நாடகத்துச் சிரசியின் பாக்குச் சங்கத்தில் நாகவேணி பட் சேர்ந்தது டைப் அடிக்க. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் தொடப் பயந்தார்கள், இவள் தொட்டாள். பதினேழு வருஷத்தில், அங்கே எது மக்கர் பண்ணினாலும் நாகவேணி அக்காவைக் கூப்பிடு என்பதே ஒரே வைத்தியம் என்றாகிவிட்டது. பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம். வேலை தெரிந்தவளுக்கு வாய் இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்னறையில் இருந்த சர்வர் பதினொரு வருஷப் பழசு. விவசாயிகள் கொண்டுவந்து கொட்டும் ஒவ்வொரு பாக்குக் குவியலின் எண், எடை, வியாபாரிகள் அதற்குப் போடும் விலை எல்லாம் அதற்குள்தான். மத்தியானம் ஒரு மணிக்கு, எந்தக் குவியல் யாருக்கு என்று அது சொன்னால்தான் சரக்கு கைமாறும். கொஞ்ச நாளாக அது உறுமத் தொடங்கியிருந்தது. புதிது வாங்கக் கமிட்டி ஒப்புக்கொண்டது. மாற்றும் வேலையை மட்டும் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்றார் தலைவர் விக்னேஷ்வர ஹெக்டே.

"எதுக்கு ஹெக்டேரே? அவன் வந்து எது எங்க இருக்குன்னு என்னைத்தானே கேப்பான். நானே மாத்தறேன். திங்கக்கிழமை ஏலம் புதுசுல நடக்கும். ஒரு குவியல் தொலைஞ்சாலும் என்னை எடைமேடைக்கு அனுப்பிடுங்க."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"பேசிட்டுத்தான் யோசிக்கறது வழக்கம். இந்தத் தடவை யோசிச்சாச்சு."

அந்தச் சனிக்கிழமை ஆயுத பூஜை. வேலை இல்லாத நாள், மாற்றுவதற்குத் தோதான நாள். பழைய பதிவுகளை வியாழனன்றே புதியதில் ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை எடை போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு குவியல்கள் மட்டும் பாக்கி. காலையில் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனாள்.

ஆயுத பூஜை வந்தாலே அவளுக்கும் எடை குமாஸ்தா திம்மப்பாவுக்கும் சண்டைதான். கருவிகளை நிறுத்தி, துடைத்து, குங்குமம் வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சர்வரை மட்டும் நாகவேணி நிறுத்த விடமாட்டாள். கதவில் குங்குமம் வைத்துக்கொள்ளுங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும் என்று வருஷா வருஷம் விரட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை பின்னறைக்குள் நுழைந்தால் உறுமலைக் காணோம். பெட்டிக்குச் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். பக்கத்தில் திம்மப்பா பெருமையாக நின்றார்.

"இதுக்குக் கடைசி பூஜை, அக்கா. பதினொரு வருஷமா மூச்சு விடாம உழைச்சிருக்கு. இன்னிக்காவது முறையாப் படுக்கட்டும்னு நானே அணைச்சேன்."

நாகவேணி பொத்தானை அழுத்தினாள். விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டுப் போய்விட்டது. மறுபடி அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கணக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டது. குவியல்களை மறுபடி எடை போடலாம்தான், ஆனால் இரண்டு நாள் பிடிக்கும். திங்கட்கிழமை ஏலம் நடக்காது.

"நான் கொன்னுட்டேனாக்கா?" என்றார் திம்மப்பா.

"பெட்டிதான் போச்சு. உள்ளே இருக்கற டிஸ்க் போகலை. அதைக் கழட்டிப் புதுசுல மாட்டிப் படிச்சுக்கலாம். ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

"அதுவும் பூஜையிலதான் இருக்கு. நாளைக்கு மறுபூஜை ஆகற வரைக்கும் எதையும் தொடக்கூடாதே."

பூஜைக்கு வந்திருந்த ஹெக்டேயும் தயங்கினார். நாகவேணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அரிவாளுக்குப் பூஜை போட்டுட்டு மாட்டைப் பட்டினி போடுவீங்களா திம்மப்பண்ணா?"

"எதுக்குப் போடறோம்? முந்தின நாளே புல் அறுத்து வச்சிடுவோம்."

சுருக்கென்றது நாகவேணிக்கு. வெள்ளி மாலையே நகல் எடுத்திருக்க வேண்டியவள் அவள்தான். அது மட்டுமா? அது பாட்டுக்கு ஓடட்டும் என்று இத்தனை வருஷம் அதட்டியதெல்லாம் வெறும் பயம். அணைத்தால் இந்தப் பெட்டி எழாது என்று அவளுக்கு எப்போதோ தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

"சரி, நான் புல் அறுத்து வைக்கலை. தப்பு என்னுது, பாவமும் என்னுதாவே இருக்கட்டும்," என்றாள். பூஜைப் பலகை முன் விழுந்து கும்பிட்டாள். குங்குமத்தோடு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஹெக்டே தடுக்கவில்லை. திம்மப்பா அவராகவே மாலையைக் கழற்றி, டார்ச் அடித்தார்.

டிஸ்க் புதியதில் ஏறப் பத்து நிமிஷம். திரையில் குவியல்கள் ஒவ்வொன்றாக வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டாவது வந்தபிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு விலைகள் வந்து விழுந்தன. ஒரு குவியல்கூடத் தவறவில்லை. "எடைமேடையில உனக்கு இடமில்லை போ," என்றார் ஹெக்டே. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நாகவேணி அன்றைய நகலை எடுத்து பீரோவில் பூட்டிவிட்டு, திம்மப்பாவைப் பின்னறைக்குக் கூப்பிட்டுப் புதுப் பெட்டியைக் காட்டினாள்.

"அணைங்க."

"ஐயோ, நானா?"

"நீங்கதான்."

திம்மப்பா அணைத்தார். அறை அமைதியானது. கொஞ்ச நேரம் விட்டு நாகவேணி பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் வரிசையாக எரிந்தன. திம்மப்பா அப்போதுதான் மூச்சு விட்டார்.

"அடுத்த வருஷம் பூஜைக்கு முறையாப் படுக்கப் போடுங்க," என்றாள். "புல்லை நான் முந்தின நாளே அறுத்து வச்சிடறேன்."