பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, சுடுகாட்டுப் பக்கத்திலும் அல்ல. ஆழ்வார்பேட்டையில், வாசலில் நீரூற்று வைத்த ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. பார்த்தவள் ஜொவிட்டா. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "கையை நீட்டுங்க, பிரஷர் பாக்கலாம்" என்கிற ஆள் அவள்.

ஜொவிட்டா ஊட்டச்சத்து நர்ஸ். யார் சத்தில்லாமல் தேய்கிறார்கள் என்று எடை பார்த்து, புஜத்தை டேப் வைத்து அளந்து கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தேற்ற வேண்டும். ஆனால் டைரக்டர் டாக்டர் பரத்வாஜுக்கு டேப் மேல் நம்பிக்கை இல்லை. திரை மேல்தான் நம்பிக்கை. நோயாளிகள் சாப்பிட்டு முடித்த தட்டுகளைப் படமெடுக்கச் சொன்னார். தட்டு காலியானால் பச்சை, மீதி இருந்தால் சிவப்பு. வரவேற்பறைத் திரையில் பச்சை ஏற ஏற, வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க ஆஸ்பத்திரியில பசிங்கற பேச்சே கிடையாது" என்பார். சிவப்பு வந்தால் மீட்டிங். மீட்டிங்குக்குப் பயந்த வார்டு, படமெடுக்கும் முன் மீதியை வாளியில் கொட்டப் பழகிக்கொண்டது.

மூன்றாம் மாடிக்கு ஜொவிட்டா மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். அங்கே இரண்டு கட்டில் போட்ட அறையில் அஸ்மத்துன்னிசா படுத்திருந்தார். இடுப்பெலும்பு முறிவு. மகன் துபாயில். பணம் வரும், ஆள் வராது. உடம்பு தேறினால்தான் மயக்க மருந்து என்று சொல்லிவிட்டார்கள். தேறாவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால், அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருப்பதும் இல்லை.

தட்டு தினமும் பச்சை. புஜமோ தினமும் இளைத்தது.

"அம்மா, நிஜத்தைச் சொல்லுங்க. சாப்பாடு வாளிக்குப் போகுதா?" என்று கேட்டாள் ஜொவிட்டா. அஸ்மத்துன்னிசா அவளை 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார், உருதுவில் மகள்.

"வாளிக்கு ஏன் பேட்டி போவுது? ரெண்டு வாய் துன்னுட்டு பக்கத்து பெட்டுக்குக் குடுத்துர்றேன். பாவம், அதுக்குப் பசி."

பக்கத்துக் கட்டில் காலி. புதிதாக மாற்றிய மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அங்க யாரும்மா இருக்காங்க?"

"இன்னா பேட்டி, கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ! நீங்கள்லாம் தட்டை போட்டோ புடிக்க வர்றீங்க. நாள் பூரா என்கூட கீறது அது ஒண்ணுதான்."

சத்துக் குறைந்தால் புத்தியும் தடுமாறும். அப்படித்தான் நினைத்தாள் ஜொவிட்டா. மறுநாள் தானே உட்கார்ந்து ஊட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். அவளும் சாந்தோமில் தனியாக, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்தான். எதிரில் ஆள் இல்லாவிட்டால் சோறு எப்படித் தொண்டையில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மதியம். ஆவி பறக்கப் பாசிப்பருப்புக் கஞ்சி. வராந்தா அடங்கிவிட்டது. ஏசி மட்டும் உர்ர்ர் என்றது.

ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. அஸ்மத்துன்னிசா வாயை இறுக்கிக்கொண்டார்.

"போதும் பேட்டி. அது பாக்குது."

இரண்டு கட்டிலுக்கும் நடுவே மூடிய துணித் திரை.

சரக்...

பிளாஸ்டிக் உறை நசுங்கும் சத்தம். யாரோ புரண்டு எழுந்து உட்கார்ந்த மாதிரி.

ஏசிக் காற்று என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் திரை அசையவே இல்லை.

சப்... சப்...

வெறும் வாயை மெல்லுகிற சத்தம்.

திரையை இழுத்தாள். கட்டில் காலி. உறையில் மட்டும் ஒரு பள்ளம். ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

ஓடத்தான் நினைத்தாள். கால் வரவில்லை. வந்தது அவளுடைய நர்ஸ் குரல்தான்.

"பங்கு போட்டா ரெண்டு பேருமே தேற மாட்டீங்க. இவங்களோடதை இவங்க சாப்பிடட்டும். உங்களுக்கு... வேற வாங்கித் தரேன்."

சமையலறைக்குப் போன் செய்தாள். இன்னொரு தட்டு வந்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள்.

நீட்டியபடியே பிடித்திருந்தாள்.

ஒன்றும் இல்லை...

ஒன்றும் இல்லை...

கரண்டி கனத்தது.

ஏதோ கவ்வியது. மெத்தென்று. ஈரமாக.

மடக்.

கரண்டி காலி.

தட்டு காலியாகும்வரை ஊட்டினாள். கடைசி வாய்க்குப் பிறகு பள்ளம் மெல்ல மெல்ல எழும்பி, உறை சமமானது.

அன்று மாலை பச்சை நூறு சதவீதத்தைத் தாண்டியது. மாடியில் இருந்த நோயாளிகளைவிடக் காலித் தட்டு ஒன்று அதிகம். எப்படி என்று டாக்டர் பரத்வாஜ் கேட்கவில்லை. கேக் வரவழைத்தார்.

அன்றிலிருந்து அஸ்மத்துன்னிசா முழுத் தட்டும் சாப்பிட்டார். "அது போய்ருச்சு பேட்டி. சொல்லிக்காமகூட போய்ருச்சு" என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். புஜம் தேறியது. ஆபரேஷன் நடந்தது. வாக்கரைப் பிடித்து நின்றபடி, வீடியோ காலில் மகனைத் திட்டும் அளவுக்கு ஆனார்.

அதற்குப் பிறகுதான் வார்டு சிஸ்டர் ஷெரிலிடம் ஜொவிட்டா கேட்டாள்.

"அந்த பெட்ல முன்னாடி யாரு இருந்தாங்க?"

"நோரா டீச்சர். கோடம்பாக்கத்துல தனியா இருந்தவங்க, எங்க சர்ச்தான். இங்க அவங்க பல்செட் பெட்ஷீட்டோட லாண்டரிக்குப் போயிருச்சு. அப்புறம் ஒண்ணையும் மெல்ல முடியல. தட்டு பச்சையா இருந்துச்சா... நல்லா சாப்பிடறாங்கன்னு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

ஷெரில் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா ஜொவி? நீ அஸ்மத்தும்மாவுக்கு ஊட்டிவிட்டியே, அன்னிக்கு மத்தியானம்தான் டீச்சர் வீட்டுக் கதவை உடைச்சாங்க. நாத்தம் தாங்கல. செத்து ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்னாங்க. அடுப்பு பத்த வெச்ச தடமே இல்ல..."

குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா வாயில கஞ்சி இருந்துச்சு. பாசிப்பருப்புக் கஞ்சி. துடைக்கப் போன போலீஸ்காரர் கையை உதறிட்டாராம்... அவ்வளவு சூடு."