சந்தனம் வைத்த கீபோர்டு

குடவாசல் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்த ஊர்க்காரர்கள் சேர்ந்து பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு மாற்றிக்கொண்டிருந்த காலம். அங்கே போய் நாலு விஷயம் கற்றுக்கொண்டு வந்த பாவத்துக்கு, பிளஸ் டூ கம்ப்யூட்டர் வகுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் தலைமையாசிரியை தங்கமானவர். ஆனால் எந்தப் பொருளும் பழுதாகாமல் இருந்தால் போதும் அவருக்கு. தையல் டீச்சரை விட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வெல்வெட் உறை தைத்துப் போட்டார். அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி விரலால் தடவிப் பார்த்து, தூசியே இல்லையே என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. பொதுத்தேர்வில் செய்முறை வேறு இருக்கிறது. பிள்ளைகளோ நான் கரும்பலகையில் வரைந்த கீபோர்டைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டி வைக்கவா மேடம் வாங்கிக் குடுத்தாங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"ரிப்பேர் ஆச்சுன்னா குடுத்தவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. தலைமையாசிரியை சந்தனத்தைத் தாராளமாகக் கரைத்து, தம் கையாலேயே கீபோர்டுகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, ஒரு பட்டனும் அமுங்கவில்லை. பணம் கொடுத்தவர்களில் ஒரு பாய் லீவில் வந்திருந்தார். அன்று மதியமே பள்ளிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். தலைமையாசிரியையின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

"புள்ளைங்களை விடுங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றேன். கைப்பையைத் திறந்து சாவியைக் கொடுத்தார்.

பிள்ளைகள் தரையில் பேப்பர் விரித்து, பட்டன்களைப் பெயர்த்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தார்கள். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று ஒருத்தியும் என்னைக் கேட்கவில்லை. பாதி வேலையில் பாய் வந்து வாசலில் நின்றார்.

"தப்பு என்னோடதுதான் பாய்" என்றார் தலைமையாசிரியை.

பாய் சிரித்தார். "எங்க கடையில டீயே கொட்டியிருக்கோம் டீச்சர். வேலை செய்யற இடம்னா அப்படித்தான். ஆமா, ஸ்கிரீன்ல ஒட்டி வந்த பிளாஸ்டிக்கையே இன்னும் உரிக்கலையா?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அவர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மறுநாளிலிருந்து அறை திறந்தே இருந்தது. அந்த வருஷம் செய்முறையில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அதைவிட எனக்குப் பிடித்தது அறை திறந்த முதல் நாள் வகுப்புதான். தலைமையாசிரியை வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க மேடம்" என்றாள். துடைத்ததையும் பொட்டு வைத்ததையும் தவிர அவர் கம்ப்யூட்டரை இயக்கிப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளிடம் மெதுவாகக் கேட்டார்:

"தொடலாமா?"