சிஸ்டம் ஸ்லோவா இருக்கு

என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, கடைத்தெருவில் ‘அழிரப்பர்’ என்று பெயர். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். இருபது வருஷமாக அவர் பார்த்த பழுதில் பாதி, பழுதே இல்லை.

“சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாருங்க” என்று போன் வரும். போய்ப் பார்த்தால் அது குதிரை மாதிரி ஓடும். அதன் சொந்தக்காரர்தான் வியர்த்துப்போய் நிற்பார். நாளைக்கு மகள் வருகிறாள், இதில்தான் உட்காருவாள் என்று மென்று விழுங்குவார். அத்தானுக்குப் புரிந்துவிடும். மனுஷன் எதையோ தேடியிருக்கிறார், தேடிய தடம் போக வேண்டும். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, அழித்துவிடுவார். அப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு வரி படிக்க மாட்டார். எந்த வீட்டில் போன மாதக் காலண்டர் இன்னும் கிழிக்காமல் தொங்குகிறது என்று கேளுங்கள், சொல்வார். அந்த வீட்டில் என்ன தேடினார்கள் என்று அவருக்குத் தெரியாது.

“படிச்சாத்தான் என்ன அத்தான்? பொழுதாவது போகும்ல?” என்று வம்புக்கு இழுப்பேன்.

“போம்மா. ஊர்க் குப்பையைக் கிளறினா நமக்குத்தான் தூக்கம் போகும்.”

நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் லிஃப்ட் இல்லாத மாடிகளாக ஏறி இறங்கி முழங்காலும் போய், பேச்சும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். அக்கா சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மட்டும், “விடுடி, அலுத்து வர்றாரு” என்பாள். அவளும் அலுத்துத்தான் போயிருந்தாள்.

அந்த அக்காவுக்குக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் கூடச் சொல்லவில்லை; அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அத்தான் வெளியே போனதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்து நாள் தேடியிருக்கிறாள். படிக்கப் படிக்கப் பயம். சொல்லலாம் என்று போனால் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார். கடைசியில் தேடியது எல்லாம் வரிசையாகத் தெரிகிற பக்கத்தைத் திறந்துவைத்தாள். அத்தான் வந்ததும் சொன்னாள்:

“நம்ம சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு. என்னன்னு பாருங்க.”

சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நாற்காலி கிரீச்சிட்டது. பொத்தான் சத்தம் கேட்டது. அத்தான் கை கழுவ வந்தார்.

“பார்த்தீங்களா?”

“ம். எல்லாம் சுத்தம்.”

படித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்தும் போட்டுவிட்டாரே என்று அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. எப்போதுமே பேசாதவர் என்பதால் அதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை, பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். என்கிட்ட மறைக்க உனக்கும் ஏதாவது இருக்கா?”

“மறைக்கவா? படிக்கணும்னுதானே திறந்து வச்சேன்!”

“நான் படிக்கலையே. எல்லாரும் சொல்ற மாதிரியே சொன்னியா... அழிக்கச் சொல்றேன்னு நினைச்சேன்.”

“என்னன்னு பாருங்கன்னுதானேங்க சொன்னேன்.”

அத்தான் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தேடித் தேடிப் பார்த்தார். ஒரு வரி மிச்சமில்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம்.

“திரும்பத் தேடு” என்று எழுந்து இடம் விட்டார்.

அக்கா ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து தேடித் தட்டினாள். ‘மார்பில் வலியில்லாத கட்டி’. பழக்கதோஷத்தில் அத்தானின் கழுத்து ஒரு தடவை சுவர்ப் பக்கம் போய்த் திரும்பியதாம். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார்.

“எத்தனை நாளா?”

“பதினஞ்சு இருக்கும்.”

“செருப்பைப் போடு. டாக்டர்கிட்ட போகலாம்.” அதற்குள் யாரோ சிஸ்டம் ஸ்லோ என்று போன் செய்ய, “இன்னைக்கு வர முடியாதுங்க” என்று வைத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. முழுசாகச் சரியாகிவிடும் என்று யாரும் இன்னும் அடித்துச் சொல்லவில்லை. அக்கா சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறாள், அத்தான் கேட்கிறார். போன வாரம் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அந்தத் தேடல் அப்படியே இருந்தது. பார்க்கத் தாங்கவில்லை.

“இதை அழிச்சிடட்டுமா அத்தான்?”

“கை வைக்காதே” என்றார் அழிரப்பர்.