அண்ணனின் சுண்டுவிரல்

அந்தக் கடைக்காரரை எல்லோரும் அரம் என்றே கூப்பிடுவார்கள். கையில் எந்நேரமும் ஒரு சின்ன அரம் இருக்கும். வாயும் ஏறக்குறைய அதே ரகம். மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிப்பார்களே, அந்தப் பழைய ஸ்டீல் கிட்டார்களில் தேய்ந்த பாகங்களைச் சரிசெய்வது அவர் பிழைப்பு. மாடிப்படிக்குக் கீழே எட்டடி அறை. சுவரில் நாலு கிட்டார் தொங்கினால் ஆள் திரும்ப இடமில்லை. "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று யாராவது கேட்டால், "உங்க பல்லு தேஞ்சா டாக்டர்கிட்ட போறீங்கல்ல, அந்த மாதிரிதான்" என்பார்.

அவருக்கு ஒரே அண்ணன். ஞாயிறுதோறும் சாயங்காலம் ஒரு ஹோட்டல் கூடத்தில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் குழுவோடு கடைக்கு வந்து, சுருதி நிற்கவில்லை என்றார். தம்பி கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குறையும் இல்ல. உன் கைதான் தளந்துபோச்சு" என்று அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்தார். அண்ணன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாக்கில் சனி என்பது வேறென்ன? போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீம்பு பிடித்த மனுஷன், கேட்கவில்லை. ஆனால் அண்ணன் ஒரே ஒரு தடவை இங்கே வந்து உட்கார்ந்தால் போதும் என்ற ஏக்கம் மட்டும் அவரை விடவில்லை.

போன மாதம் அண்ணி வந்தார். தோளில் அந்தக் கிட்டார்.

"தம்பி, வால்யூம் திருகினா கரகரங்குது. கம்பி முறுக்குற சாவி ரெண்டு கையோட பேந்து வந்துடுச்சு. ரிப்பேருக்குக் குடுக்குறேன்னு எடுத்துட்டு வந்தேன். எந்தக் கடைன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல."

அரத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. கம்பி முறுக்கும் சாவிகளில் பொடிந்துபோன பிளாஸ்டிக் பிடிகளை அதே நிறத்தில் புதிதாக வார்த்தார். கம்பி அறுத்துப் பள்ளமாக்கிய இடங்களை அடைத்து, மறுபடி அளவாக ராவினார். வால்யூம் கண்ட்ரோலைப் பிரித்தால், உள்ளே கரிப்பூச்சு ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. திருகு அந்த இடத்துக்கு வந்தால் சத்தம் செத்துவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். எண்ணெய்போல் வழுக்கியது. வாசித்த மறுநிமிஷமே இது யார் வேலை என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும், நேரே கிளம்பி வந்துவிடுவார் என்று மனக்கோட்டை வேறு.

தெரியத்தான் செய்தது. திங்கட்கிழமை கடை திறந்ததும் அண்ணன் கிட்டாரோடு வாசலில் நின்றார்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? நேத்து பாட்டு நடுவுல வீல்னு அலறுது. சாப்பிட்டுட்டு இருந்தவங்க கரண்டிய கீழ போட்டுட்டாங்க. மூணு பாட்டும் குட்டிச்சுவர். ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்கன்னு மேனேஜர் சொல்றான்."

"உக்காருண்ணா. வாசிச்சுக் காட்டு."

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். அரம் அவருடைய வலதுகைச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் அது வால்யூமை மெல்லத் திருப்பி, ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று சுண்டித் தாண்டியது. அட கடவுளே! செத்த இடத்தைத் தாண்ட இத்தனை வருஷத்தில் விரல் தானாகவே பழகியிருக்கிறது. இப்போது அந்த இடத்தில் தேய்மானமே இல்லை, சுண்டினால் சத்தம் எகிறத்தானே செய்யும்?

அண்ணன் பாதியில் நிறுத்தினார்.

"நீ அன்னைக்கே சொன்ன, கை தளந்துபோச்சுன்னு. நேத்து எல்லாருமே பாத்துட்டாங்க."

அரம் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"கை இல்லண்ணா. தளந்த கை இவ்வளவு கச்சிதமாத் தாண்டுமா? பழைய கண்ட்ரோல்ல செத்த இடம் ஒண்ணு இருந்துச்சு, உன் விரல் அதைத் தெரிஞ்சு வச்சிருந்துச்சு. நான்தான் மேதாவி மாதிரி மாத்தித் தொலைச்சிட்டேன். தப்பு என்னோடது. அன்னைக்குச் சொன்னதும் தப்புதான்."

அரம் குப்பை டப்பாவைத் தரையில் கவிழ்த்து, ஒட்டடைக்கும் ஒயர்த் துண்டுகளுக்கும் நடுவே பழைய கண்ட்ரோலைத் தேடி எடுத்தார்.

"இதையே திரும்பப் போட்டுடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

மூன்று ஒயர், மூன்று சொட்டு ஈயம். பத்து நிமிஷ வேலை.

"பத்து நாள் ஆகும்" என்றார் அரம், முகத்தைப் பார்க்காமல். "தினமும் நீ வந்து உக்காந்து வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா சரியா வராது."

நாற்பது வருஷமாக அதே கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு ஒரு கண்ட்ரோல் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதா? அண்ணன் முக்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்து நாள்ல எப்படிடா முடியும்?" என்றார்.